நெடில் போட்ட நாற்காலி

— இப்பிடி வெளிச்சத்துக்கு இழுத்துப் போடு கொளஞ்சி. அம்மா கட்டிலு நாற்காலியா மாறி எப்பிடி இருக்குன்னு நல்லா பாக்கணும்.

— நெதானமா பாருங்க டீச்சர். ஒரு துண்டு வீணாக்கல. கட்டிலோட கடைசல் காலுதான் இதுக்கும் காலு. தலைமாட்டுச் சட்டம் முதுகுக்கு. பக்கச் சட்டம் கைக்கு.

— அம்மா புடிச்சுப் புடிச்சு எழுந்திரிச்ச எடம்? இழைப்புளி போட்டுடலயே?

— போடுவனா? அந்த வழவழப்பு எந்த உப்புத்தாளுக்கும் வராதுங்க. தடவிப் பாருங்க, வலது கையில அப்பிடியே இருக்கு.

— ம். இருக்கு.

— நேத்து உங்க அண்ணன் பட்டறைக்கு வந்தாருங்க. ஆளு செத்த கட்டில யாராவது வச்சிருப்பாங்களா, தூக்கி வெறகுக்குப் போடுன்னு ஒரே சத்தம்.

— நெலம் அவனுக்கு, வூடு அவனுக்கு. கட்டிலு மட்டும் எனக்குன்னப்ப தலைய ஆட்டுனான்ல? இப்ப என்னவாம்? நீ என்ன சொன்ன?

— இது கட்டிலே இல்லீங்க, நாற்காலின்னேன். கொஞ்ச நேரம் பாத்துட்டு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு.

— பொழைச்சுக்குவ.

— ஒண்ணு மட்டும் மனசுக்கு ஒப்பலீங்க. அளவுக்கு நீங்க குடுத்த சணல் கயிறு. அதும்படிதான் கால அறுத்தேன். ஆனா ஒங்க ஒயரத்துக்கு இது பத்தாதே, முட்டி மொகத்துல இடிக்கும். செத்த நேரம் உக்காந்து பாருங்களேன்.

— மாட்டேன். உக்கார வேண்டியவங்கதான் மொதல்ல உக்காரணும். பாவாடை தைக்கப் போறேன்னு பொய் சொல்லி எடுத்த அளவு அது.

— யாருங்க, மாமியாருங்களா?

— மாமியாருக்கு ஈசிச்சேரு இருக்கு. இவங்க ஆயுசுக்கும் தரையிலயே உக்காந்தவங்க. இனிமே நாற்காலியில உக்காருவாங்களான்னுதான் எனக்குக் கவலை. மறுத்துட்டாங்கன்னா, அண்ணங்கிட்ட நான் மல்லுக்கு நின்னதெல்லாம் வீணு.

— செரமந்தாங்க. எங்கம்மாவையே எடுத்துக்குங்க. ஒங்க வூட்டுல முப்பது வருசம் வேலை. உங்கம்மா படுக்கையில கெடந்த நாலு வருசமும் இந்தக் கட்டிலுக்குக் கீழதான் பாயி. இப்ப நான் ஃபைபர் சேரு வாங்கிப் போட்டிருக்கேன். துணி மடிச்சு வைக்கிதே தவிர, அதுல உக்காருதா?

— எழுத்து வெட்டச் சொன்னேனே, எங்க?

— இந்தக் கையில 'பூ', அந்தக் கையில 'வி'. கோச்சுக்காதீங்க டீச்சர், சீட்டுல நீங்க 'வீ'ன்னு நெடில் போட்டிருந்தீங்க. பூவிழிக்குக் குறிலுதான? அவசரத்துல கை தவறிடுச்சு போலன்னு நானே திருத்தி வெட்டிட்டேன்.

— இருவது வருசமா பிள்ளைங்களுக்கு எழுத்துக் கத்துக் குடுக்குறவ, எம்பேரையே தப்பா எழுதுவனா?

— அப்ப இது ஒங்க பேரு இல்லீங்களா?

— 'பூ' எங்கம்மா. பூங்காவனம். அந்த 'வி' இருக்கு பாரு, மேல வளைஞ்ச முனையில ஒரு சுழி போடு, நெடிலாயிடும். எடம் இருக்குல்ல?

— இருக்குங்க. இருங்க, உளி எடுத்துக்கறேன். வண்டிக்கும் சொல்லிட்டேன், இப்ப வந்துடுவான். அரியலூர்ல ஒங்க வூட்டுக்குத்தான?

— இல்ல. கல்லங்குறிச்சிக்கு.

— எங்க ஊருக்கா? ஒங்க அண்ணன் வாசல்லயே மறிச்சுக்குவாருங்க.

— அவன் வூட்டுக்கு யாரு கொண்டு போறா? நீயும் வண்டியிலயே ஏறிக்க, எறக்கி வைக்க ஆளு வேணும். சுழி ஆச்சா?

— ஆச்சுங்க. ஊதித் தொடச்சுட்டேன், பாருங்க. இப்ப நெடிலு. யாரு டீச்சர் இந்த 'வீ'?

— உங்கம்மா பேர எழுதச் சொன்னா நீ என்ன போடுவ கொளஞ்சி, குறிலா, நெடிலா?