கடைசி வாங்கில் இருந்தவன்

என் தேநீரை லண்டன் நோர்பரியில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஆகவே இந்தப் பொலிஸ் நிலையத்தில் நீங்கள் தந்த காகிதக் கோப்பையை நான் தொடாமல் வைத்திருப்பதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாயம் இறங்க முதலே பாலை ஊற்றிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

என் தம்பி றஜீவ் எங்கே என்று வந்ததிலிருந்து கேட்கிறீர்கள். சொல்லுவேன். அதற்கு முன்னால் ஞானரட்ணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மொழிபெயர்க்க வந்திருக்கும் மெலனி என்ற இந்தப் பிள்ளை நான் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லட்டும். நடுவில் கண்ணைத் துடைக்கிற வேலை வேண்டாம்.

எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பொறுப்பு நான். ஃபாதர் ஆள் கேட்டபோது மற்றப் பெண்கள் எல்லோருக்கும் திடீரென்று சேலை மடிப்பைச் சரிசெய்கிற வேலை வந்துவிட்டது. பயிற்சிக்குப் போனவள் நான் ஒருத்திதான். ஒரு வெள்ளைக்காரி நாள் முழுக்கப் படம் போட்டுக் காட்டினாள். சந்தேகம் வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள் என்பதுதான் மொத்தச் சங்கதி. அதற்கு ஒரு நாளும் ஒரு காய்ந்த சான்ட்விச்சும்.

பிறகு ஞானரட்ணம் வந்தான். பிள்ளைகளிடம் தகாத முறையில் நடந்து, சிறைக்குப் போய், உங்கள் பதிவேட்டில் பெயர் ஏறியவன். அறுபது தாண்டியும் தலைக்கு மை பூசுகிறவன். அவனுக்குப் பூசை காண வேண்டுமாம். ஃபாதர் கடவுளின் வீடு என்றார், பெற்றோர் என்ன சொல்வார்கள் என்றார், வியர்த்தார்.

“வரட்டும் ஃபாதர், நான் பாக்கிறன்” என்றேன்.

ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினோம். கோயிலில் அவன் உட்காரக் கடைசி வாங்கு. பக்கத்தில் நான். பூசை முடிந்ததும் மண்டபத்துத் தேநீருக்கு நிற்காமல் போய்விட வேண்டும். அவன் யார் என்று சபையில் யாருக்கும் சொல்லக்கூடாது என்பதும் விதி. நான் றூபினி ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். றூபினியிடம் சொன்னால் ஃபாரஸ்ட் கேட் வரை போய்ச் சேரும். அதற்காகத்தான் அவளைப் பிடித்தேன்.

அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டுமே. தாய்மார் பிள்ளைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பீடத்துக்கு முதுகு காட்டாத குறையாகக் கடைசி வாங்கையே பார்த்தார்கள். முன்னால் பிள்ளைகளின் பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசித்துக்கொண்டிருந்த என் தம்பியை ஒருவரும் பார்க்கவில்லை. நெடுநாளைக்குப் பிறகு அன்றுதான் நான் பராக்கில்லாமல் பூசை கண்டேன்.

றஜீவைப் பற்றி எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். மன்னாரிலேயே தெரியும். அதனால்தான் அவனை இங்கே எடுப்பித்து என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். பொறுப்பில்லாதவள் அப்படிச் செய்வாளா?

ஒக்டோபரில் மாதாவின் சிலை, சுருவம் என்போம், வீடு வீடாகப் போகும். மாலையில் செபமாலை, பிறகு ரோல்ஸ், கேக், தேநீர். எங்கள் முறை வந்தபோது ஞானரட்ணத்தை நானே அழைத்தேன். ஒப்பந்தத்தில் கோயில் என்றுதான் இருக்கிறது. வீடு என்று ஒரு சொல் இல்லை.

“தங்கச்சி, பிள்ளையள் வருங்கள். எனக்கு ஏலாது” என்றான். அவனுக்கே பயம்.

“மாதாவிட்ட வாறதுக்கு ஆரிட்ட உத்தரவு? வாங்கோ.”

வந்தான். பிடி உடைந்த கோப்பையில் தேநீர் கொடுத்தேன். அதற்கும் நன்றி சொன்னான். அப்படிப்பட்ட பிறவி.

றூபினி வாசலிலேயே என் கையைப் பிடித்தாள். “என்ன மெற்றில்டாக்கா, உந்தாளை வீட்டுக்குள்ள எடுத்திருக்கிறியள்?”

“என்ரை கண்ணுக்கு முன்னாலதானே இருக்குது. உம்மடை பிள்ளையை மேல விடும். மேல றஜீவ் நிக்கிறான்.”

“அப்பச் சரி. றஜீவண்ணை பாப்பார்” என்று தன் மகள் ஜெனோஜாவை அவளே மாடிக்கு அனுப்பினாள். நான் அனுப்பவில்லை. அதைக் கவனியுங்கள்.

மாதா பிரார்த்தனை தொடங்கியதும் நான் தேநீர் போட எழும்பினேன். படியடியில் ஜெனோஜா நின்றாள். எட்டு வயது. கையில் கேக் துண்டு கடிபடாமல் அப்படியே நசுங்கிக் கிடந்தது.

“அன்ரி, நான் மேல போகமாட்டன். றஜீவ் மாமா ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டவர்.”

என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. குனிந்து, மெதுவாகச் சொன்னேன்: “மாமா இல்லையம்மா. உந்தக் கிழவன்தான். நீங்கள் மாறிச் சொல்லுறியள்.” அவள் இல்லை என்று தலையாட்டினாள். திரும்பவும் சொன்னேன். திரும்பவும். பெரியவர்கள் பொறுமையாகச் சொன்னால் பிள்ளைகள் கேட்பார்கள்.

பிறகு உங்களுக்கு போன் எடுத்தேன். பிரார்த்தனை நடுவில் ஞானரட்ணம் மாடிக்குப் போனதைக் கண்டேன் என்று வாக்குமூலம் கொடுத்தேன். பொய்தான். ஆனால் வந்திருந்த சனம் முழுவதும் தாங்களும் கண்டதாகச் சொன்னது. கண்ணை மூடிக்கொண்டு செபித்தவர்கள் எல்லோரும் கண்டிருக்கிறார்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் பிறேமினியை நான் மறந்துபோனேன். அவளும் சேர்ந்து செபிக்கட்டும் என்று வீடியோவில் அவளை எடுத்து, சுருவத்தின் காலடியில் போனைச் சாய்த்து வைத்திருந்தோம். அந்த வீடியோவை அவள் பதிவு செய்வாள் என்று யார் கண்டது? செபம் சொல்லும்போது தூங்கி விழுகிறவள். ஞானரட்ணம் தொடக்கம் முதல் முடிவு வரை சோபாவை விட்டு அசையாததும், நான் படியடியில் குனிந்து நின்றதும் அதில் விழுந்திருக்கிறது. அவனைச் சிறையிலிருந்து விடுங்கள், அல்லது வைத்திருங்கள். அவனுக்குப் பழகிய இடம்தானே.

சரி, றஜீவ். வெம்பிளியில் இருக்கிறான், எங்கள் சொந்தக்காரி அனோஜினி வீட்டில். நீங்கள் ஞானரட்ணத்தைக் கூட்டிக்கொண்டு போன மறுநாளே அனுப்பிவிட்டேன். அவளாகத்தான் கேட்டாள். இன்று மாலை அவர்கள் வீட்டில் செபமாலை. பெரியவர்கள் கீழே செபிக்கும்போது மேலே பிள்ளைகளோடு நிற்க நம்பிக்கையான ஓர் ஆள் வேண்டுமாம்.

ஏன் எல்லோரும் ஒரேயடியாக எழும்புகிறீர்கள்? கதிரை விழுந்துவிட்டது, பாருங்கள். வெம்பிளி தூரம், இந்த நேரம் றோட்டெல்லாம் வாகனம். செபமாலை தொடங்கியிருப்பார்கள்.

மெலனி, நீங்களாவது இருந்து இதைச் சொல்லிவிட்டுப் போங்கள். என் பொறுப்பில் விடப்பட்டது கோயில். அந்தக் கோயிலுக்குள் இன்றுவரை ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் நடந்ததில்லை.