ராத்திரிக் கட்டை

பெரிய கட்டையா? இல்லக்கா, இந்தத் தடவை பெரிய கட்டையே கிடையாது. எல்லாத்தையும் பொளந்தாச்சு. நான் இல்ல, மாமாதான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சிராய் தெறிச்சா கண்ணுல அடிக்கும். டீயை அங்கயே வைங்க, கையுறையைக் கழட்டிட்டுக் குடிக்கறேன்.

ஆமா, அவரோடதுதான். குடுத்துட்டாரு. பாருங்க, ஒவ்வொரு விரல்லயும் பாதி காலியாத் தொங்குது. எனக்கெதுக்கு மாமா இவ்ளோ பெரிசுன்னேன், வளந்துடுவேன்னாரு. பதினேழு வயசுக்கு மேல கை வளருமா? அவர் சொல்றதையெல்லாம் கணக்குல எடுத்தா நான் எப்பவோ பைத்தியமாயிருப்பேன்.

இல்ல, அவருக்கு வேற வாங்கிக்கறேன்னு சொல்லலை.

எங்க போனாரா? கடைக்குத்தான்னு சொன்னாரு. கோடாலிக் காம்பு ஆடுதாம், ஆப்பு வாங்கணுமாம். எனக்குத் தெரிஞ்சு ஆடலை. இந்தாங்க, நீங்களே ஆட்டிப் பாருங்க. கல்லு மாதிரி நிக்குது.

உக்காருங்கக்கா, நிக்காதீங்க. வலது தோள் வலி எப்படி இருக்கு? அந்தக் கையால கெட்டிலைத் தூக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது. எங்க வீட்ல நான் இவ்ளோ அக்கறையாப் பேசினா, யாரோ சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்காங்கன்னு சந்தேகப்படுவாங்க.

நிஜமாத்தான். நான் பள்ளிக்கூடத்தை விட்டப்ப ஊர்ல ஒருத்தர் பாக்கி இல்லாம ஏன் விட்டே, ஏன் விட்டேன்னு அரிச்சு எடுத்தாங்க. தபால்காரர்கூட சைக்கிளை நிறுத்தி வெச்சுக் கேட்டாரு. கேக்காதது நீங்க ரெண்டு பேருதான். நீங்க சாப்பிட்டியான்னீங்க. மாமா, கோடாலி பிடிக்கத் தெரியுமான்னாரு. அவ்ளோதான். அதுக்காகத்தான் நான் இங்க வரேன். விறகு அடுக்கறதுக்கு எனக்கு என்ன வேண்டுதலா?

ம்? ஆமா, போன வருஷம் அடுக்கு கூரையைத் தொட்டுச்சு. நான் ஸ்டூல் மேல ஏறி நிப்பேன், மாமா கீழேருந்து வீசுவாரு, நான் பிடிக்காம விட்டா திட்டுவாரு. பட்டை மேல பாக்கணும். காத்து பூந்து போகணும், நெரிசல் பஸ் மாதிரி அடைக்காதேம்பாரு. ஒரு கட்டை கோணலா இருந்தாப் போதும், மொத்த வரிசையும் கலைச்சுடுவாரு. இந்த வருஷம் அடுக்கு பாருங்க. குட்டையா, நீளமா, கொட்டகையைத் தாண்டி வேலி வரைக்கும் போகுது. நானும் கேட்டேன், உயரமா அடுக்கினா இடம் மிச்சமாகுமே, ஏன் மாமா இப்படி இழுத்துட்டுப் போறீங்கன்னு. உள்ள போனாரு, உங்க பழைய குளிர் கோட்டை எடுத்துட்டு வந்தாரு, அந்த ஆணில மாட்டினாரு. தோள் எங்க வருதுன்னு பாத்து சுவத்துல கரியால ஒரு கோடு. இதுக்கு மேல ஒரு கட்டை போகக் கூடாதுன்னாரு.

அந்தக் கோடுதான். நீங்க நெனைச்ச மாதிரி மழைத்தண்ணி கறை இல்ல.

கட்டையும் அப்படித்தான். எது பொளந்தாலும் ஒரு கையில தூக்கிப் பாப்பாரு. வலது கையில இல்ல, இடது கையில. கனமாத் தெரிஞ்சா மறுபடியும் ரெண்டாக்குவாரு. இது அடுப்புல நிமிஷத்துல எரிஞ்சு போயிடுமேன்னேன். எரியட்டும், அடிக்கடி போட்டுக்கலாம்னாரு. போட்டுக்கலாம்னா யாரு?

நீங்க இப்பக் கேட்டீங்களே, பெரிய கட்டை எங்கேன்னு, அதை நானும் முந்தாநாள் கேட்டேன். ராத்திரிக் குளிருக்கு என்ன பண்ணுவீங்கன்னேன். தினம் படுக்கப் போறப்ப அவர்தானே அந்தப் பெரிய உருளையை அடுப்புக்குள்ள தள்ளுவாரு, விடியற வரைக்கும் கனிஞ்சுட்டே கெடக்கும். உங்களால அதை அசைக்கக்கூட முடியாது. இந்தக் குச்சிங்களை வெச்சுட்டு விடியறதுக்குள்ள அடுப்பு அணைஞ்சுடுமேன்னேன். அவர் கையில இருந்த கட்டையை அடுக்குல வெச்சாரு. அப்புறம், கம்பளி ரெண்டு புதுசா வாங்கி வெச்சிருக்கேன்னாரு.

இல்லக்கா, எனக்கு அப்பப் புரியலை. நான் படிப்புலயும் அப்படித்தான், எல்லாம் பரீட்சை முடிஞ்சு வெளிய வந்தாத்தான் தெரியும்.

கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு சொல்றேன். போன குளிருக்கு நீங்க ரெண்டு பேரும் போட்ட சண்டை எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு. இந்த அமைதி என்னைத் தின்னுதுன்னு அவர் கத்துவாரு. டவுன்ல உங்களை என்ன தின்னாம விட்டுச்சுன்னு நீங்க கத்துவீங்க. எங்கம்மா ஜன்னலைச் சாத்துவாங்க, நான் திறப்பேன். எனக்கு அந்தச் சண்டை பிடிச்சிருந்துச்சு. எங்க வீட்ல யாரும் சண்டை போட மாட்டாங்க, தட்டை நகத்தி வெச்சுட்டு எழுந்து போயிடுவாங்க. இந்த வருஷம் விறகு லாரி வந்த நாள்லேருந்து உங்க வீட்ல சத்தமே இல்ல. மாமா ரொம்ப நல்லவரா இருக்காரு. பாத்திரம் கழுவறாரு. நீங்க எதைச் சொன்னாலும் சரிங்கறாரு. நீங்க எங்கிட்ட என்ன சொன்னீங்க? அவருக்கு ஒருவழியா இந்த இடம் பிடிச்சுப் போச்சுடீன்னீங்க. சிரிச்சீங்க. நான் மட்டும் ஒண்ணும் சொல்லாம வீட்டுக்குப் போயிட்டேன்.

டீ ஆறிப் போச்சு. பரவாயில்ல, குடுங்க.

எங்க போறீங்க? உள்ள போய் என்னத்தப் பாக்கப் போறீங்க, அலமாரியா? பாக்க வேணாம். ஷேவிங் டப்பா இருக்காது. நல்ல ஷூ இருக்காது, அதைப் போட்டுட்டுத்தான் போனாரு. ஆப்பு வாங்க யாராவது பாலிஷ் போட்ட ஷூவுல போவாங்களா? நீலப் பையை வேலிக்கு அந்தப் பக்கம் புதருக்குள்ள வெச்சிருந்தாரு. எடுக்கறப்ப நான் பாத்துட்டேன். நான் பாத்ததை அவரும் பாத்தாரு. அப்பத்தான் கையுறையைக் கழட்டிக் குடுத்தாரு.

லஞ்சமா? இருக்கலாம். எனக்கு அப்படித் தோணலை.

உக்காருங்கக்கா. சரி, உக்கார வேணாம், நில்லுங்க. என்னைப் பாருங்க.

அக்காகிட்டப் பேச்சு குடுத்துட்டே இரு, உனக்குத்தான் வாய் மூடாதேன்னாரு. மேட்டு வளைவுல பஸ் ஹாரன் அடிக்கற வரைக்கும் போதும், அதுக்கப்புறம் நீயே சொல்லிடுன்னாரு. நானும் தலையாட்டிட்டேன். நான்தான் இவ்ளோ நேரம் பேசிட்டு இருக்கேனே, பாக்கறீங்கல்ல.

ஹாரன் இன்னும் அடிக்கலைக்கா. சைக்கிள் கொட்டகைக்குப் பின்னாடி நிக்குது. நீங்க டீ போட உள்ள போனப்பவே காத்தடிச்சு வெச்சுட்டேன். ஏறி உக்காந்தீங்கன்னா நான் மிதிக்கறேன். இல்ல, அவர் போகட்டும்னு நெனைச்சீங்கன்னா அதுவும் உங்க இஷ்டம், நான் இதை அடுக்கி முடிக்கறேன். எதுவானாலும் சீக்கிரம் சொல்லுங்க.