பூஜை லீவில் நின்ற ஏழாம் நம்பர்

யூசுப்: …மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா ஆச்சா? சொல்லு மாளவிகா. சரஸ்வதி பூஜை அன்னிக்கு ஏழாம் நம்பர் பேட்டரி ஏன் சார்ஜ் ஏறாம நின்னுச்சு?

மாளவிகா: எனக்கென்ன தெரியும்? நான் ஆத்துல இருந்தேன்.

யூசுப்: ஒரே சாயங்காலத்துல ரெண்டு தடவை நின்னிருக்கு.

மாளவிகா: கிராஃபை நானும் பார்த்தாச்சு. நீ லேப் டெக்னீஷியனா, சிஐடியா?

யூசுப்: நிப்பாட்டினது யாரு? நீ எழுதின புரோகிராம். ஏதோ கோளாறுன்னு தானே சார்ஜைக் கட் பண்ணிருக்கு. கோளாறு எங்க? பக்கத்துல உள்ளதெல்லாம் சமத்தா ஓடிருக்கு…

மாளவிகா: போதும், யூசுப். கொஞ்சம் பேசாம இரேன்.

யூசுப்: நான் பேசாம இருப்பேன். இப்ப வரப்போற பேட்டரி பஸ் கம்பெனிக்காரங்க இருப்பாங்களா? ஒண்ணுமில்லாததுக்கு நிக்கிற புரோகிராமை பஸ்ல மாட்டினா, தம்பானூர் ஸ்டாண்டுல ஏறினவன் நடந்தில்லா வீட்டுக்குப் போவான்!

மாளவிகா: நாலு வருஷம் இதோட மாரடிச்சிருக்கேன்… பயந்தாங்கொள்ளி புரோகிராம்னு ஒரே வார்த்தையில தள்ளிட்டுப் போயிடுவா.

யூசுப்: அதான் சொல்லுதேன், காரணத்தைக் கண்டுபிடி. சேஷன் சாரும் மீட்டிங்குக்கு முன்னால கேப்பாரு.

மாளவிகா: சார்கிட்ட… கரண்ட் ஏறி இறங்கித்துன்னு…

யூசுப்: அப்போ எல்லா பேட்டரியும் நின்னிருக்கணும். உன் கைடுக்கு அது தெரியாதாக்கும்! நகரு, பெட்டியைத் திறந்து பார்க்கேன்.

மாளவிகா: வேண்டாம்! தொடாதே!

யூசுப்: இன்னிக்கு ஆஃப் பண்ணித்தானே வச்சிருக்கு? ஏன் இந்தப் பதறு பதறுத?

மாளவிகா: பதறலை…

யூசுப்: டார்ச்சைப் பிடி. இந்தப் பக்கம் காட்டு… இது என்னது? சூடு பார்க்கிற சென்சார் பக்கத்துல… மஞ்சளா, பொருக்குத் தட்டி…

மாளவிகா: துருவா இருக்கும்.

யூசுப்: துருவுல சந்தன வாசனை வருமோ?

மாளவிகா: பெட்டியை மூடு, யூசுப்.

யூசுப்: மாளவிகா.

மாளவிகா: ஒரே ஒரு பொட்டு! சுண்டு விரல் நுனியால, சத்தியமா!

யூசுப்: யா அல்லா!

மாளவிகா: ஸ்கூட்டருக்கு வச்சேன், லேப்டாப்புக்கு வச்சேன், அரிவாள்மணைக்குக் கூட வச்சேன். எனக்குச் சோறு போடப்போறது இது. இதை மட்டும் மூளியா விட்டுட்டுப் போக மனசு கேக்கலை.

யூசுப்: கதவுல சார் என்ன எழுதி ஒட்டிருக்காரு? ஓடுற பேட்டரி மேல கை வச்சவங்க லேபை விட்டு வெளியேன்னு. உன் ஜூனியர் அஜிதா கம்ப்யூட்டர் மானிட்டர் மேல ஒரு முழம் பூ வச்சதுக்கே, இது லேபா கோயிலான்னு என்ன குதி குதிச்சாரு!

மாளவிகா: அதனாலதான் வாயைத் திறக்கலை.

யூசுப்: நில்லு, நில்லு… ஈரச் சந்தனம். சென்சாரை ஒட்டி. அந்த இடம் குளுந்திருக்கும், அல்லே?

மாளவிகா: ம். சார்ஜ் ஏறினா சூடும் ஏறணும். இங்கே குறைஞ்சுது. ஏதோ சரியில்லைன்னு புரோகிராம் நிறுத்தித்து. சந்தனம் காஞ்சதும் மறுபடி ஓடித்து.

யூசுப்: அப்போ அது பயந்தாங்கொள்ளி இல்ல, எமகாதகி! ஒரு பொட்டு ஈரத்தையே பிடிச்சிருக்கே, நாளைக்கு நிஜமா ஒரு கோளாறு வந்தா விடுமா? இதைப் போய் ஒளிச்சு வச்சிருக்கியே!

மாளவிகா: சொன்னா அது பிழைக்கும், என்னை வெளியே அனுப்பிடுவார். சொல்லலைன்னா நான் பிழைப்பேன். அது போயிடும்.

யூசுப்: இப்ப என்ன செய்யப் போற?

மாளவிகா: தெரியலை… ஐயோ, சார் வர்றார்.

சேஷன்: பட்டப்பகல்ல என்னத்துக்கு டார்ச்? காரணம் ஆப்பிட்டுதோ?

யூசுப்: அது வந்து சார்… கரண்ட்டு…

மாளவிகா: கரண்ட் இல்லை சார். நான்தான். பூஜை அன்னிக்கு ஆத்துக்குக் கிளம்பறச்சே, ஏழாம் நம்பருக்குச் சந்தனப் பொட்டு வச்சேன்.

சேஷன்: ஓஹோ.

மாளவிகா: நோட்டீஸைப் படிச்சுட்டுதான் வச்சேன். தப்புதான்.

யூசுப்: சார், அவ தெரியாம…

சேஷன்: தெரிஞ்சேதான்னு அவளே சொல்றாளே! ஏம்மா, அந்தப் பொட்டைப் புரோகிராம் கண்டுபிடிச்சுடுத்தோ?

மாளவிகா: கண்டுபிடிச்சுடுத்து சார்.

சேஷன்: பேஷ்! அதை அப்படியே பஸ் கம்பெனிக்காராகிட்ட சொல்லு. வாங்கோ, வந்துண்டிருக்கா.

மாளவிகா: என்னை… வெளியே அனுப்பலையா?

சேஷன்: நீ போயிட்டா அவா கேக்கற கேள்விக்கெல்லாம் யார் பதில் சொல்றது, ஏழாம் நம்பரா? கண்ணைத் துடைச்சுக்கோ. இனிமே ஓடற பேட்டரியைத் தொடப்படாது.

யூசுப்: சார், ஒரு நிமிஷம். அது முதல் தடவை நின்னதுக்குக் காரணம். ரெண்டாவது தடவை நின்னப்போ இவ ஸ்ரீவராகத்துல, வீட்டுக் கொலு முன்னால இருந்தா. நானும் அங்கதான் இருந்தேன்.

மாளவிகா: ஆமாம் சார். மூணு தடவை சுண்டல் வாங்கினான்.

யூசுப்: ரெண்டு தடவைதான்.

சேஷன்: இப்போ சுண்டல் கணக்கா முக்கியம்? ஒரு காரணம் போதும், வாங்கோ.

யூசுப்: மாளவிகா, டார்ச்சை இன்னும் கிட்டப் பிடி… மஞ்சளுக்கு நடுவுல சிவப்பா இருக்கே.

மாளவிகா: சிவப்பா? நான் குங்குமமே வைக்கலையே. சிமிழை ஆத்துலயே மறந்துட்டேன்.

யூசுப்: நல்லாப் பாரு. வட்டமா, அழகா வச்சிருக்கு. நமக்கு அப்புறம் யாரு லேபுக்குள்ள… உன்கிட்ட ஒரு சாவி, என்கிட்ட ஒரு சாவி. இன்னொண்ணு…

மாளவிகா: சார்?

சேஷன்: …டீ ஆறிடும், வாங்கோன்னேனே.

மாளவிகா: சார்…

சேஷன்: பின்னே என்னம்மா? பூஜையும் அதுவுமா, வெறும் சந்தனத்தோட நின்னுண்டிருந்தது. அப்படியே விட்டுட்டு வர முடியுமோ? சந்தனம் காஞ்சிருந்தது, குங்குமம் ஒட்டலை… ஒரு சொட்டு தண்ணி தொட்டுத்தான் வச்சேன்.