மணி அடித்தே தீர வேண்டும்

எங்கள் விளையாட்டில் வீடியோ அழைப்பு வைக்கக் கூடாது என்று முதலில் சொன்னவன் நான்தான், மேடம். அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு வார்த்தை தப்பாக இருந்தால் நான் அழித்துவிடலாம். முகத்தை எப்படி அழிப்பது? குழந்தைகள் ஆடுகிறார்கள். முன்பின் தெரியாதவன் அவர்கள் வீட்டுக் கூடம்வரை எட்டிப் பார்ப்பான். நைட்டியோடு அடுப்படியில் உட்கார்ந்து ஆடும் பெண்கள் அதோடு ஆட்டத்தையே விட்டுவிடுவார்கள். இதையெல்லாம் கூட்டத்தில் சொன்னேன். மேக்ஸ் பொறுப்பானவன் என்று ஆஷ்லின் அக்கா பாராட்டினார்.

அவர்தான் முதலாளி. ஒண்டிக்கடை என்ற மலையூர் முக்கில் ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறை, ஆறேழு பேர், அதுதான் கம்பெனி. ஆடுபுலி ஆட்டத்தைப் போனில் கொண்டுவந்தோம். ஒருவருக்கு மூன்று புலி, எதிராளிக்குக் கூட்டமாக ஆடு. புலி தாண்டி வெட்டும், ஆடுகள் சூழ்ந்துகொண்டு புலியை அசையவிடாமல் அடைக்கும். ஆடிக்கொண்டே எதிராளியோடு எழுதிப் பேசலாம். அந்தப் பேச்சில் கெட்ட வார்த்தை பொறுக்குவது என் வேலை. நிரல் எழுதியது ஜோஸ்வா. மாரமங்கலத்துக்காரன், பள்ளியிலிருந்தே என் சிநேகிதன். கனடாவில் ஒரு வேலைக்கு இருவரும் விண்ணப்பித்தோம், அவனுக்குக் கிடைத்தது. பொங்கல் முடிந்து அவன் கிளம்பிப் போனது ஊருக்கே தெரியும்.

அவன் அம்மா தெரசம்மாள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறவர். கணவர் இல்லை, ஒரே பிள்ளை. வேலை விட்டு வந்து விளக்குப் போட்டதும் மகனோடு ஒரு ஆட்டம் ஆடாமல் உலை வைக்க மாட்டார். எப்போதும் ஆடு அவருக்கு, புலி அவனுக்கு. அவன் போன பிறகும் ஒருநாள்கூட அந்த ஆட்டம் நிற்கவில்லை. "போன் உடைஞ்சிருச்சும்மா, ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இதுக்குள்ள மட்டுந்தான் வர முடியுது" என்று செய்தி போகும். "சாப்பிட்டயா கண்ணு, குளுரு நொம்பவா" என்று அவர் கேட்பார். அவ்வளவு பனிக்கு என்ன உடுத்துவார்கள் என்று தேடிப் படித்துவிட்டுத்தான் பதில் எழுதுவேன்.

ஆமாம், நான்தான் எழுதினேன். எங்கள் சர்வரில் யார் கணக்குக்குள்ளும் நான் நுழையலாம், வேலை அப்படி.

இதை ஏமாற்று என்று நீங்கள் வாக்குமூலத்தில் எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் ஒரு விஷயத்தை யோசியுங்கள். கடல் தாண்டிப் போன எத்தனை பிள்ளைகள் தினமும் அம்மாவோடு உட்கார்ந்து ஆடுகிறார்கள்? எனக்குக் காய்ச்சல் வந்த அன்றுகூட நான் ஆடினேன். பாவம், வயதானவர், மனம் நோகக் கூடாதென்று வெட்ட வேண்டிய ஆடுகளை வெட்டாமல் விட்டேன். தினமும் அவர்தான் ஜெயித்தார். சொந்தப் பிள்ளை செய்யாததைச் செய்தேன்.

சித்திரை வாக்கில் கம்பெனிக்கு ஒரு கோரிக்கை வந்தது. 'ஆடும்போது எதிராளி மூஞ்சி தெரியற மாதிரி செய்யுங்க.' மாரமங்கலத்திலிருந்து. ஒரே கோரிக்கை திரும்பத் திரும்ப வந்தால் நீக்குவது வழக்கம். நீக்கினேன். மறுபடி வந்தது, மறுபடி நீக்கினேன். அந்த அம்மா விடவில்லை. எஸ்டேட் லைன் வீட்டில் பக்கத்தில் இருக்கும் வீராயியைக் கூட்டிக்கொண்டு, வேலைக்கு லீவு போட்டு, பஸ் ஏறி நேரே ஆபீசுக்கே வந்துவிட்டார். ஆஷ்லின் அக்கா முன்னால் நின்றுகொண்டு சொன்னார்:

"ஏனுங்க, எம்பையன் மூஞ்சியப் பாத்து எத்தன நாளாச்சு தெரியுங்களா? காணாமன்னு போலீசுல சொல்லப் போனா, 'தெனமும் உங்ககூட வெளையாடற ஆளை எப்படிங்கம்மா காணாமன்னு எழுதறது'ங்கறாங்க. நாயந்தானுங்களே. மூஞ்சி மட்டும் ஒருதடவ காட்டச் சொல்லுங்க, போதும்."

நான் பக்கத்து மேசையில் இருந்தேன். "வாங்கம்மா, தண்ணி குடிக்கறீங்களா?" என்று எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் குடித்தார். அன்று பயமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. பெற்றவள் நின்று கேட்கும்போது என் காரணங்கள் எடுபடுமா? ஆஷ்லின் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வீடியோ வைப்பது என்று முடிவாகிவிட்டது.

பாதுகாப்பு விதிகளை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அதில் குறை வைக்கவில்லை. தெரிந்தவர்கள் மட்டுமே அழைக்க வேண்டும். எதிராளி சம்மதிக்காமல் கேமரா திறக்கக் கூடாது. யாரும் யாரையும் திருட்டுத்தனமாகப் பார்த்துவிடாதபடி, போன் சத்தமில்லாமல் வைத்திருந்தாலும் மணி அடித்தே தீர வேண்டும். கடைசி விதியைக் கேட்டு எல்லோரும் கைதட்டினார்கள். முகத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தவன், மணியைப் பற்றி யோசிக்கவில்லை.

வீடியோ வசதி வெளியான அன்று சாயங்காலம் மாரமங்கலத்துக்கு பஸ் ஏறினேன். கையில் ஒரு பிளம் கேக். அதை நீங்கள் சோதனைக்கு அனுப்பியிருப்பீர்கள். முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டாம், மிளகுக்கொடிக்கு அடிக்கிற பூச்சிமருந்துதான். மகன் முகம் காட்ட மாட்டேன் என்கிறான் என்று அவர் தினமும் அழுது சாவதைவிட, அவன் நன்றாக இருக்கிறான் என்ற நினைப்போடு போய்விடுவது மேல் என்று தோன்றியது. பஸ்ஸிலிருந்தே, ஜோஸ்வாவாக, 'இன்னிக்குக் கொஞ்சம் லேட்டாவும்மா' என்று எழுதிப் போட்டேன். அந்தக் கணக்கை மூடாமல் போனைப் பையில் போட்டது என் தப்பு.

"வா சாமி, ஊட்டுக்குள்ள வா" என்றார் தெரசம்மாள். காப்பி கொடுத்தார். கேக்கை நீட்டினேன்.

"ஒரு துண்டு வாயில போடுங்கம்மா. ஒண்டிக்கடையில வாங்கினது."

"இருக்கட்டும் கண்ணு. வீராயி புள்ளைங்களோட வர்றேன்னா. அதுங்களும் வந்தா எல்லாருமாத் திங்கலாம்."

பிள்ளைகள் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகு பேசாமல் இருந்துவிட்டேன்.

வீராயி வந்தாள், பின்னாலேயே இரண்டு சிறுமிகள். வந்ததும் போனை வாங்கி, "இந்தாங்கக்கா, புதுசா வந்திருக்குதே அந்தப் பொத்தான். அமுக்குங்க" என்றாள். தெரசம்மாள் முந்தானையால் விரலைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார்.

என் சட்டைப் பையில் மணி அடித்தது.

கேக்கின் மேல் நீண்டிருந்த ஒரு குழந்தையின் கை அப்படியே நின்றது. நான் போனை எடுத்துப் பார்த்தேன். 'அம்மா அழைக்கிறார்' என்று இருந்தது. ஜோஸ்வா அப்படித்தான் பெயர் வைத்திருந்தான். வீராயி கதவைச் சாத்திக்கொண்டு குறுக்கே நின்றாள். தெரசம்மாள் போனைக் கீழே வைக்கவில்லை. மணி அடித்து ஓயும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மொத வாரமே எனக்குத் தெரியும், அது எம்பையன் இல்லீன்னு" என்றார். "அவன் பெத்த ஆத்தான்னுகூடப் பாக்கமாட்டான். ஒத்த ஆட்ட மிச்சம் வெச்சதில்ல. அதுல பாரு, தெனமும் என்னைய ஜெயிக்க உட்டாங்க. ஆருன்னுதான் தெரியாமக் கெடந்தேன். நீயா மேக்ஸு? எம்பையன் எங்க?"

அவருக்கு நான் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். எஸ்டேட் எல்லையில், சிக்னல் கிடைக்கும் என்று எல்லோரும் ஏறி நிற்கும் பாறை இருக்கிறதே, அதற்குக் கீழே, உண்ணிச்செடிப் புதருக்குள். மேலே கல் அடுக்கியிருக்கிறேன். கிளம்பிய அன்று, வழியில் அங்கே ஏறி நின்று கனடாக்காரர்களோடு பேசிவிட்டு அவன் திரும்பினான். "நீ இங்கயே கெட்ட வார்த்த பொறுக்கீட்டுக் கெடடா" என்று சிரித்தான். நான் கோபப்படவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். இறங்கிப் போய்ப் பார்த்தபோது மூச்சு இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அது நிற்கும்வரை. அவன் போன் உடைந்துவிட்டது என்று நான் எழுதியது மட்டும் பொய்யில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். அந்த அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடம் வேண்டும்.

கடைசியாக இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ஜோஸ்வாவைக் கொன்றது நான். ஆனால் அவன் அம்மாவை ஒருநாள்கூட நான் தோற்கவிட்டதில்லை.