பறித்தவருக்கே முதல் கரண்டி

டீ நன்றாக மணக்கிறது, சார். இஞ்சியைத் தட்டிப் போட்டிருக்கிறார்கள், ஒரு ஏலக்காயும் விழுந்திருக்கும் போல. மூடி அப்படியே இருக்கட்டும். எனக்கு ரொம்பச் சூடு ஆகாது, பேசி முடித்துவிட்டுக் குடிக்கிறேன்.

நான் திரைச்சீலைக் கடையில் வேலை பார்ப்பவன். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வீட்டு ஜன்னலை அளப்பதுதான் பிழைப்பு. எங்கள் முதலாளிக்கு என் பெயர் அடிக்கடி மறந்துவிடும், அதனால் 'டேப்பு' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார். வீட்டிலும் பெரிய மரியாதை ஒன்றும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் நான் வேறு ஆள். அன்றைக்கு என் பெயர் கீரை வாத்தியார்.

பால்கனியில் நாலு தொட்டி புதினாவும் வெந்தயக்கீரையும் வளர்த்ததில் ஆரம்பித்தது. அப்புறம் கிடங்குகளுக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கரை, ரயில் வேலியோரம், கட்டாமல் கிடக்கும் மனைகள் என்று தானாக முளைத்ததையெல்லாம் பறித்துச் சமைக்கக் கற்றுக்கொண்டேன். அக்கம்பக்கத்தில் கேட்டார்கள், கூட்டிப் போனேன். தையல்கார அம்மா வந்தார், பஸ் டிரைவர் வந்தார், அவர்கள் இன்னும் சிலரைக் கூட்டி வந்தார்கள். ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தச் சர்க்கரை நான்தான். நடந்து, பறித்து, எங்கள் வீட்டுச் சமையலறையில் ஆக்கி, எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுக் கலைவோம். என் சமையலை என் மனைவி ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சாப்பிட்டதும் பெரிய சொம்பு நிறையத் தண்ணீர் குடிப்பாள், அவ்வளவுதான்.

எங்கள் கூட்டத்துக்கு நான் போட்ட சட்டம் ஒன்று உண்டு. பறித்தவருக்கே முதல் கரண்டி. ஓடைக்கரையில் எது பறித்தாலும் பறித்தவர்தான் முதலில் சாப்பிட வேண்டும். அவர் சாப்பிட்டு, நாங்கள் பாத்திரம் தேய்த்து, நாற்காலி போட்டு, ஒரு பாட்டம் ஊர்வம்பு பேசி முடித்த பிறகுதான் மற்றவர்கள் கரண்டியைத் தொடலாம். காரணம் ஓடைக்கீரை. அது அருமையான கீரை, ஆனால் அதற்கு ஓர் இரட்டை உண்டு. அதே இலை, அதே உயரம், பக்கத்திலேயே வளரும். அது விஷம். முற்றினால் இரட்டையின் தண்டில் ஊதாத் தீற்றல் விழும், பார்த்ததும் தெரிந்துவிடும். இளசாக இருக்கும்போது கசக்கி முகர்ந்து பார்த்தால்தான் உண்டு. நல்லது மல்லி மாதிரி மணக்கும். கெட்டது எலி செத்த அலமாரி மாதிரி நாறும்.

இங்கேதான் ஒரு சின்னச் சங்கடம். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது என் மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். எனக்குக் கற்பூரமும் ஒன்றுதான், கழுதையும் ஒன்றுதான். ஆனால் முகர முடியாதவன் கீரை வாத்தியாராக இருக்க முடியாது. மறுபடி வாரம் ஏழு நாளும் டேப்பாக இருக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் ஒரு முறை கண்டுபிடித்தேன். இலையைக் கசக்கி என் மூக்கருகே கொண்டு போய்க் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விடுவேன். பிறகு அடுத்தவர் கையில் கொடுத்து, "நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க, என்ன வாசனை?" என்பேன். அவர் முகம் சுளித்தால் கெட்டது, மலர்ந்தால் நல்லது. 'பாடம் நடத்தினா இப்படி நடத்தணும், விடையை ஊட்டிவிடக் கூடாது' என்று தையல்கார அம்மா எல்லோரிடமும் புகழ்ந்தார். நானும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்கிறவர்கள் என்னைப் பார்த்ததில்லை.

இப்படியே போயிருக்கும். என் சகலை வந்து சேர்ந்தார்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். பல் டாக்டர். நல்ல மனிதர், அதை நான் மறுக்கவே மாட்டேன். என்னை வாய் நிறைய அண்ணே என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு மூக்கு அப்படி. நோயாளி வாயைத் திறந்ததுமே முந்தாநாள் சாப்பாடு என்னவென்று சொல்லிவிடுவார். மாமியார் வீட்டு விருந்தில் அவருக்கு நாற்காலி போட்ட பிறகுதான் எனக்கு ஸ்டூலைத் தேடுவார்கள். அதெல்லாம் எனக்கு வருத்தமில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தால் முதுகுக்கு நல்லது.

ஒரு ஞாயிறு, ஓடை வளைவில் இளசாக இருந்ததைக் கை நிறையப் பறித்துக் கூடையில் போட்டேன். மழை தூறியதால் எல்லோரும் மரத்தடிக்கு ஓடிவிட்டார்கள், முகம் பார்த்துச் சொல்ல ஆளில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் கூடையில் பாதி இல்லை. சகலை வழியிலேயே யாருக்கும் தெரியாமல் பொறுக்கி எடுத்து ஓடையில் எறிந்திருக்கிறார். அது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மற்றவர்கள் கிளம்பிய பிறகு சமையலறையில் நானும் அவரும் மட்டும் நின்றிருந்தோம். நான் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூக்குதான் சமையல்காரனுக்குக் கண் என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் கையை நீட்டி அடுப்பை அணைத்தார். திரும்பினால் பால் பொங்கி வழிந்து, அடிப்பிடித்து, பாத்திரமே கருகிப் போயிருந்தது.

"அண்ணே, உங்களுக்கு வாசனை தெரியலைல்ல?"

நான் துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தேன்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்க பாட்டுக்கு நடத்துங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன். தப்பான இலைன்னா லேசா இருமுறேன், போதுமா?"

சொல்லிவிட்டு அந்தப் பாத்திரத்தையும் அவரே தேய்த்து வைத்தார். அவர் கேலி செய்திருந்தால் மன்னித்திருப்பேன், சார். ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருந்தால்கூட நாலு நாள் திட்டித் தீர்த்திருப்பேன். அவர் எனக்கு உதவி செய்தார். ஒரு மனிதனை உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, வலிக்காமல் பிடுங்குவது அவர் தொழில். அன்றைக்கு எனக்கும் அதைத்தான் செய்தார்.

அதற்கப்புறம் நான் இருமலுக்கு ஆடும் பொம்மையானேன். இலையை எடுப்பேன், பெருமூச்சு விடுவேன், பக்கத்தில் இருமல் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்பேன். இருமினால் இலையைத் தூர எறிந்து, "இதை எப்படித் தெரிஞ்சுக்கிட்டேன்னு யோசிங்க" என்பேன். அவர்களும் யோசிப்பார்கள். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். ஆனால் இத்தனை நாள் பூவாக இருந்தவனிடம், நீ நார், போய் ஓரமாக உட்கார் என்றால் கஷ்டமாக இருக்காதா?

பிறகு சகலைக்குச் சளி பிடித்தது. பல் டாக்டருக்குச் சளி பிடிப்பது சகஜம், ஊரே அவர் முகத்துக்கு நேராக வாயைப் பிளக்கிறது. அந்த ஞாயிறு அவர் விடாமல் இருமினார். நான் ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தேன். பசலையை எறிந்தேன். புளியாரையை எறிந்தேன். கடைசியில் என் வீட்டுப் புதினாவையே விஷம் என்று எறிந்தேன். டிரைவர் அதை எடுத்துத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். சிரிக்கலாம், சார். நானும் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் ஒன்று உறைத்தது. இப்போது அவருக்கும் மூக்கு இல்லை.

மறு ஞாயிறு எங்கள் கூட்டத்தின் விருந்து. வருடத்தில் ஒரு முறை, ஆளுக்கொரு கீரை பறித்து ஆளுக்கொரு பாத்திரம் ஆக்குவது வழக்கம். நான் முந்தின நாளே கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஓடை வளைவுக்குப் போனேன். அங்கே இருந்த நல்ல ஓடைக்கீரை முழுவதையும் வேரோடு பெயர்த்து எடுத்து வந்து என் தொட்டிகளில் நட்டேன். இளசில் நல்லது எது என்று எனக்குத் தெரியாதே என்பீர்கள். இரண்டு வகையையும் வீட்டுக்குக் கொண்டு வந்து, வெளியாள் யாரிடமும் காட்டாமல், என் மனைவியிடம் ஒவ்வொரு கட்டாக நீட்டி, "இது எப்படி மணக்குது?" என்று கேட்டேன். அவள் மல்லி மாதிரி என்றதைத் தொட்டியில் வைத்தேன். முகத்தைச் சுளித்ததைக் கொண்டுபோய் அதே வளைவில், அதே குழிகளில் திரும்ப நட்டுத் தண்ணீர் ஊற்றினேன். தண்டில் தீற்றல் விழுந்த முற்றல்களை மட்டும் பிடுங்கி ஓடையில் விட்டுவிட்டேன். செடி வளர்க்கிறவனுக்கு இதெல்லாம் சாதாரண வேலை.

விருந்தன்று சகலையிடம் சளி எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"போயிடுச்சு அண்ணே. இப்போ நல்லா இருக்கு," என்றார். மூக்கடைத்த குரலில்தான் சொன்னார்.

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூக்கு வேலை செய்யவில்லை, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றிருந்தால் வேறு யாரையாவது அனுப்பியிருப்பேன். இல்லாத மூக்கை இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறவனால் எவ்வளவு ஆபத்து என்று எனக்குத் தெரியாதா? "வளைவுல இளசா நிக்குது, நீங்க போய்ப் பறிச்சுட்டு வாங்க. உங்க மூக்கு இருக்கும்போது எனக்கென்ன கவலை" என்றேன். போனார்.

பறித்து வந்ததை நானே அலசி, நானே நறுக்கி, நானே சூப் வைத்தேன். பூண்டைத் தாராளமாகப் போட்டேன், தையல்கார அம்மா வாசலிலிருந்தே பூண்டு மணம் தூக்குகிறது என்றார். நடுவில் என் மனைவி உப்புப் பார்க்கிறேன் என்று கரண்டியோடு வந்தாள். என்றைக்கும் இல்லாத அதிசயம். கையைத் தட்டிவிட்டேன், கரண்டி போய்ச் சுவரோரம் விழுந்தது. "சட்டம்னா சட்டம்" என்றேன். அன்றைக்கு அந்த வீட்டில் ஓர் உயிரை நான் காப்பாற்றினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சகலை முதல் கரண்டி குடித்தார். கண்ணை மூடி, என்னை மாதிரியே ஒரு பெருமூச்சு விட்டார்.

"உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி அண்ணே. மத்தபடி பிரமாதம்."

உப்புப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். கிண்ணம் முழுக்கக் குடித்தார். என் சமையலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான். நாங்கள் பாத்திரம் தேய்த்தோம், நாற்காலி போட்டோம். ஊர்வம்பு பாதியில் இருந்தபோது அவர் கையிலிருந்த கிண்ணம் விழுந்தது. அதற்கப்புறம் நடந்ததை என் கொழுந்தியாள் உங்களிடம் சொல்லியிருப்பாள். நான் வேகமாகத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வேறு ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் போட்ட சட்டம் எவ்வளவு நல்ல சட்டம் என்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் புரிந்திருக்கும்.

ஆமாம், சார். நான்தான் கொன்றேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. காரணம் மட்டும் வெளியே போக வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன். சொத்துத் தகராறு, குடும்பப் பகை என்று எதையாவது எழுதிக்கொள்ளுங்கள். மூக்கு விஷயம் நம் இருவரோடு இருக்கட்டும். அந்த ஓடைக்கீரை தொட்டியில் நன்றாகப் பிடித்துவிட்டது, யாராவது தண்ணீர் ஊற்றினால் நல்லது.

டிரைவர் உங்களிடம் என்னவோ சொன்னாராமே. எனக்கு மூக்கு போனது அவர்கள் எல்லோருக்கும் முதல் மாதமே தெரியும் என்று. பாவம், வாத்தியார் மனசு நோகக் கூடாது என்றுதான் எந்த இலையைக் கொடுத்தாலும் முகத்தைப் பெரிதாகச் சுளித்தும் மலர்த்தியும் காட்டினார்களாம். என் மனைவியும் அதற்காகத்தான் சமையலறையைத் தாண்டும்போதெல்லாம் 'பால் பொங்குது', 'பருப்பு தீயுது' என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவாளாம். சளி போகாமலே போய்விட்டது என்று சகலை சொன்னதும், விருந்தன்று எனக்கு இரும ஆளில்லாமல் போய்விடக் கூடாது என்பதற்காகத்தானாம்.

நான் நம்பவில்லை. ஒருவன் இப்படி உட்கார்ந்த பிறகு எல்லோரும் எல்லாம் முன்பே தெரியும் என்பார்கள். அவ்வளவு அன்பாக யாரும் என்னிடம் இருந்ததில்லை, இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

டீ ஆறியிருக்கும், குடிக்கிறேன்.

ஓ. வெறும் வெந்நீரா. பரவாயில்லை, சார். நல்ல வெந்நீருக்கும் ஒரு மணம் உண்டு, நீங்கள் கவனித்ததில்லை போலிருக்கிறது.