மச்சான் கையில் காற்றுக்குழாய்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் ஸ்டேஷன் ரைட்டரைச் சிரமப்படுத்த வேண்டாம் அய்யா, நானே எழுதித் தருகிறேன். என் பெயர் மெல்வின். தூத்துக்குடியில் எங்கள் தெருப்பக்கம் வெளிநாடு போகிறவர்கள் விசா மனுவுக்கு என்னிடம்தான் வருவார்கள்.

ரெக்சன் என் தங்கை பிலோமியின் புருஷன். சங்கு குளிக்கிறவன். தண்ணீருக்கடியில் வெல்டிங் செய்யவும் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தான். அதற்கு வெளிநாட்டில் நல்ல கிராக்கி. அப்பா அம்மா போன பிறகு பிலோமியை நர்சுக்குப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தது நான். அதன்பிறகும் அவர்கள் என் வீட்டில்தான் இருந்தார்கள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்று வேளையும் அவள் கையால் சாப்பிட்டுப் பழகிவிட்டேன். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ரெக்சனை உட்காரவைத்து ஒவ்வொரு வழியாக விளக்கினேன். கத்தார் என்றால் கம்பெனியே விசா எடுக்கும், தங்க இடம் தரும், ஆனால் தனியாகத்தான் போக வேண்டும். சிங்கப்பூர் வொர்க் பெர்மிட்டும் அப்படியே. நார்வே என்றால் முதலில் வேலைக் கடிதம் வேண்டும், சான்றிதழைத் துருவிப் பார்ப்பார்கள், முக்குளிக்கிறவனுக்கு உடல் தகுதிச் சோதனை கடுமை. தேறிவிட்டால் பெண்டாட்டி பிள்ளையையும் கூட்டிப் போகலாம். நான் கத்தாரைச் சிபாரிசு செய்தேன்.

"புள்ளைய வீடியோவுல பாக்கதுக்கா பெத்தோம் மச்சான்? நார்வேக்கே எழுதுங்க," என்றான்.

"அங்கன பாதி வருசம் இருட்டாக் கெடக்கும்டே."

"கடலுக்கடியில மட்டும் என்ன வெயிலா அடிக்கு?"

பிலோமி சிரித்தாள். "நீங்களும் வாங்கண்ணே. பனிக்கரடிக்கு மனு எழுதிக் குடுத்துப் பொழைச்சுக்கிடலாம்."

எழுதினேன். யாரும் குறை சொல்ல முடியாதபடி எழுதினேன். வேலைக் கடிதமும் வந்தது. உடல் தகுதிச் சோதனை மட்டும் பாக்கி.

எங்கள் கடற்கரையில் ஒரு வழக்கம் உண்டு. குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவன்கூடச் சொத்துக்கு ஆசைப்படலாம். மச்சான் தன் தங்கையின் தாலியை அறுக்கத் துணியமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. இப்போது கயிற்றோடு, படகிலிருக்கும் கம்ப்ரசரிலிருந்து போகிற காற்றுக்குழாயும் சேர்ந்துவிட்டது. ரெக்சனுக்கு இரண்டையும் நான் பிடிப்பேன்.

கொல்வது என் எண்ணத்தில் இல்லை. அவன் சோதனையில் தவறினால் போதும். அன்று அவன் ஆழத்தில் நெடுநேரம் இருந்தான். படகுக்காரர் விக்டர் அண்ணாச்சி படகின் முன்முனையான அணியத்துப் பக்கம் திரும்பி, சங்கைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். நான் குழாயை மடித்துப் பிடித்தேன். அவ்வளவு ஆழத்திலிருந்து நின்று நின்றுதான் மேலே ஏற வேண்டும்; ஒரே மூச்சில் ஏறினால் ரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி உடம்பை முடக்கிவிடும். காற்று கிடைக்காதவன் நிற்கமாட்டான். கயிறு என் கையில் துடித்தது. நான் எதிர்பார்த்ததைவிட வலுவாகவே துடித்தது. அவன் தலை தெரிந்தபோது குழாயை நேராக்கிவிட்டேன்.

படகிலேயே அவனுக்குக் கால் மரத்துப்போனது. இதற்கென்று அழுத்த அறை வைத்திருக்கும் ஆஸ்பத்திரிகள் உண்டு; தாமதிக்காமல் கொண்டுபோனால் பெரும்பாலும் நடக்கவைத்துவிடுவார்கள். நார்வேக்கான மருத்துவ விதிகளை அவனுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியவன் நான். எனக்குத் தெரியும்.

"ஏலே மெல்வினு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிருவமா?" என்று விக்டர் அண்ணாச்சி பதறினார்.

"வாயுப் பிடிப்பு அண்ணாச்சி. வெந்நி ஒத்தடம் குடுத்தாச் சரியாப் போவும்."

ஒத்தடம் நானே கொடுத்தேன். துணியைப் பிழிந்து, சூடு பொறுக்குமா என்று என் கையில் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். பிலோமிக்கு அன்று நைட் டூட்டி. அவளுக்குப் போன் செய்யவில்லை. காலையில் வந்து பார்த்துவிட்டு அவள்தான் ஆம்புலன்ஸுக்கு ஓடினாள். அதற்குள் அவனுக்கு இடுப்புக்குக் கீழே எல்லாம் போய்விட்டது.

அதன்பின் வீடு அமைதியாக இருந்தது. யாரும் எங்கும் போவதாகப் பேச்சில்லை. புண் வராமலிருக்க அவனைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது நானும் ஒரு கை கொடுப்பேன். "கம்ப்ரசர் சதி பண்ணிட்டு. மச்சான் மட்டும் தூக்கலன்னா அன்னைக்கே போயிருப்பேன்," என்று பார்க்க வருகிறவர்களிடம் சொல்வான். நான் மறுத்ததில்லை. தூக்கியது நான்தானே.

போன வாரம் பிலோமி ஒரு செய்தி சொன்னாள். ஜெர்மனியில் நர்ஸ் வேலை. எனக்குத் தெரியாமலே அந்த ஊர்ப் பாஷையைப் படித்துப் பரீட்சை தேறியிருக்கிறாள். மனுவையும் அவளே எழுதியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசா வந்துவிட்டது. மகள் அனிஷாவோடு முதலில் போவாளாம், காலூன்றிய பிறகு ரெக்சனை அழைத்துக்கொள்வாளாம்.

"ஒங்கள நம்பித்தாண்ணே இவர விட்டுட்டுப் போறேன்," என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். பாஸ்போர்ட்டை எரித்தால் தட்கலில் வேறு எடுத்துவிடுவாள். ரெக்சனுக்கு ஏதாவது ஆனால் இன்னும் சீக்கிரம் கிளம்பிவிடுவாள். நானும் உள்ளே போய்விட்டால் அவனைப் புரட்டிப் போட வேறு ஆள் கிடையாது. வழக்கு என்று ஒன்று நடந்தால் அவள்தான் முக்கிய சாட்சி. சாட்சியை அவ்வளவு லேசில் வெளிநாட்டுக்கு விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே, குழாயை மடித்தது நான்தான். ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் செய்ததும் நான்தான். யாரும் அடித்துக் கேட்கவில்லை. அவள் விமானம் ஏறுவதற்குள் பதிவு செய்துவிடுங்கள். பாளையங்கோட்டை ஜெயிலில் ஞாயிற்றுக்கிழமையும் பார்க்க விடுவார்களா என்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள் அய்யா. பூசை முடிந்து வர பிலோமிக்கு அதுதான் தோதாக இருக்கும்.