கோணாமலையரை மூண்டுதரம் கூப்பிட்ட கதை

எங்கட பூட்டனுக்கும் பூட்டன் தவழ்ந்து திரிஞ்ச காலத்தில, பனிச்சையடி எண்ட ஊரில ஒரு தோள் சங்கம் இருந்ததாம். வீட்டுக்கு ஒரு தோள், அதுதான் சட்டம். ஆர் செத்தாலும், பகையாளி செத்தாலும், பாடை தூக்க ஒவ்வொரு வீட்டிலயிருந்தும் ஒரு தோள் வரவேணும்.

சண்டை வந்துது. ஆம்பிளையளை எல்லாம் சுமை தூக்கவெண்டு படை பிடிச்சுக்கொண்டு போச்சுது. பொம்பிளையள் என்ன செய்தவை? பாடையைத் தாங்களே தூக்கிச்சினம். சங்கத் தலைவர் கோணாமலையர், பல்லில்லாத கிழவன். கொள்ளி வைக்கிறது அன்னப்பிள்ளை.

அன்னப்பிள்ளையின்ர ஒரே மகன் முத்தன் ஒருநாள் சுமையைப் போட்டிட்டு ஓடி வந்தானாம். பிடிச்சாங்கள். தூக்கிலை போட்டாங்கள். பிணத்தைச் சுடலை ஓரத்தில எறிஞ்சுபோட்டு, "இவனைத் தொட்டாலும் இதே கயிறு, அழுதாலும் இதே கயிறு" எண்டானாம் படைத்தலைவன். கிழடுகள் தானாச் செத்தால் மட்டும் பாடை தூக்கிக்கொண்டு சுடலைக்குப் போகலாம் எண்டும் சொன்னானாம்.

அன்னப்பிள்ளை அழேல்லை. மூண்டு நாள் அழேல்லை. சுடலைப் பக்கம் நாய் குரைக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருந்தாளாம்.

கோணாமலையர் வந்தார். "மோனை, நான் சாகப்போறன்."

"என்னப்பு விசர்க்கதை?"

"பொய்ச்சாவு மோனை. என்னைத் தூக்கிக்கொண்டு போங்கோ. அங்க நான் கட்டையில இருந்து இறங்கிறன், உன்ர முத்தன் ஏறட்டும். முதல்ல ஒரு பிடி சோறு தா. வெறும் வயித்தோட சாகேலாது."

திண்டார். படுத்தார். இருபத்தொரு தோள் வந்துது. "கஞ்சப் பிசினாறி போறாரே" எண்டு ஒருத்தி ஒப்பாரி வைக்க, துணிக்குள்ள கிழவன் சிரிச்சதில பாடை குலுங்கிச்சுதாம்.

சுடலையில படைத்தலைவன் நிண்டான். கிழவனைக் கட்டையில கிடத்தினதும் வந்து காலைத் தொட்டுப் பாத்தான். சூடு. சிரிச்சானாம்.

"கொளுத்து. நான் நிண்டு பாக்கவேணும்."

அன்னப்பிள்ளை வாய்க்கரிசி போடக் குனிஞ்சாள். "ஓடுங்கோப்பு."

"மூட்டு மோனை. நான் எழும்பினால் இருபத்தொரு கழுத்தும் தொங்கும்."

அவள் ஒப்பாரி மாதிரிக் கத்தினாளாம். "அப்பு, எழும்புறதெண்டால் எழும்புங்கோ!" ஒருக்காக் கூப்பிட்டாள். ரெண்டுதரம் கூப்பிட்டாள். மூண்டுதரமும் கூப்பிட்டாள். எழும்பேல்லை.

மூட்டினாள். விறகு பச்சை, கனநேரம் எடுத்ததாம். துணிக்குள்ள கால் ரெண்டும் மடிஞ்சு மடிஞ்சு நீண்டுதாம். சத்தம் மட்டும் வரேல்லையாம்.

புகை தாங்காமல் படைத்தலைவன் போனான். போனதும் முத்தனையும் அதே நெருப்பில ஏத்திச்சினம்.

மறுநாள் அவன் கேட்டான்: "பொடியன்ர பிணம் எங்கையடி?"

"நாய் இழுத்துக்கொண்டு போயிட்டுது ஐயா" எண்டாளாம் பெத்தவள்.

பிறகும் ஏழு வருசம் சண்டை. ஒரு சாவுக்கும் தோள் குறையேல்லையாம்.

இண்டைக்கும் பனிச்சையடியில, கொள்ளி வைக்க முந்தி, செத்தவரின்ர பேரை மூண்டுதரம் கூப்பிடுவினம். "எழும்புறதெண்டால் எழும்பு." கொள்ளி பிடிச்சவை முகத்தைப் பாக்கமாட்டினமாம். காலைத்தான் பாப்பினமாம்.